ஸ்கூட்டர் ரோலர் எடையை மாற்றப் போகிறீர்களா? புதுச்சேரி, கடலூர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"டபுள்ஸ் போனால் வண்டி இழுக்க மாட்டேங்குது, மேம்பாலத்துல முக்குது" என்று சொன்னால் கடையில் கிடைக்கும் முதல் பதில், "ரோலரை லைட்டா போட்டுடலாம் சார்." எத்தனை கிராம் என்று கேட்டால் ஒரு எண் வரும். ஏன் அந்த எண் என்று கேட்டால் பேச்சு மாறும். இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் அலைந்ததில் கிடைத்ததையெல்லாம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

ஆக்டிவா, ஆக்சஸ், ஜூபிடர், என்டார்க், ரே, ஏரோக்ஸ், வெஸ்பா என்று பெல்ட்டில் ஓடும் எந்தப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும். எலக்ட்ரிக் வண்டிக்குப் பொருந்தாது. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்துப் போட்ட வாடகை ஸ்கூட்டரை மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அது உங்கள் வண்டி இல்லை, கை வைக்காதீர்கள்.

1. உள்ளே என்ன நடக்கிறது

இடது பக்கக் கவருக்குள் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் பெல்ட். முன் புல்லியைத்தான் வேரியேட்டர் என்கிறோம். அதற்குள் நைலான் உறை போட்ட உருளைகள், பெரும்பாலான வண்டிகளில் ஆறு. எஞ்சின் வேகமெடுக்க எடுக்க, ராட்டினத்தில் உட்கார்ந்தவன் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போல இந்த ரோலர்கள் வெளியே நகர்ந்து, புல்லியின் ஒரு தட்டை மற்றொன்றை நோக்கித் தள்ளும். இடைவெளி குறுகும், பெல்ட் மேலே ஏறும். டாப் கியருக்குப் போவது என்றால் இதுதான். பின் புல்லியில் இருக்கும் பெரிய ஸ்பிரிங் இதை எதிர்த்துக்கொண்டே இருக்கும்.

ரோலர் கனமாக இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) பெல்ட் ஏறிவிடும். வண்டி அமைதியாக ஓடும், பிக்கப் மந்தம். லேசாக இருந்தால் எஞ்சின் அதிகம் சுற்றிய பிறகுதான் ஏறும். பிக்கப் கிடைக்கும், சத்தமும் பெட்ரோல் செலவும் கூடும்.

எந்த ரோலரும் எஞ்சினுக்குப் புதிதாகச் சக்தி தராது. இருக்கிற சக்தியை எந்த ஆர்பிஎம்மில் வைத்து எடுக்கிறோம் என்பது மட்டும்தான் மாறும். இது மனதில் இருந்தால் கடையில் பாதி ஏமாற்றம் குறையும்.

2. திறப்பதற்கு முன் காகிதம்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சிசி, எரிபொருள், நிறம் போன்றவை அதில் வரும். ரோலர் எடை ஆர்.சி.யில் பதிவாகும் விவரம் இல்லை. பி.ஒய். 01 வண்டியானாலும் டி.என். 31 வண்டியானாலும் இதே சட்டம்தான்.

மாசுச் சான்றிதழுக்கும் பாதிப்பில்லை. அந்தச் சோதனை வண்டி ஐடிலில் நிற்கும்போது நடப்பது. அப்போது கிளட்ச் பிடித்திருக்காது, ரோலர்களும் உள்பக்கமாகவே கிடக்கும்.

வாரண்டிதான் கவனிக்க வேண்டிய இடம். வாரண்டிக் காலம் முடியாத வண்டியில் வெளி ரோலர் போட்டுவிட்டு, நாளைக்கு பெல்ட் அறுந்தது என்று ஷோரூமுக்குப் போனால் கையை விரிக்க அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். புத்தகத்தைத் திறந்து வாரண்டி நிபந்தனைகளை ஒருமுறை படியுங்கள். முடிய இன்னும் சில மாதங்கள்தான் என்றால் பொறுத்துவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டு வையுங்கள். வரும் பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

வாங்கும் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். "பில் வேணும்னா விலை வேற" என்றால் வேறு கடைக்குப் போங்கள். ஸ்கூட்டர் பெல்ட்டிலும் ரோலரிலும் போலி நிறையப் புழங்குகிறது, திருப்பிக் கொடுக்க பில்லை விட்டால் வேறு வழியில்லை.

3. சாமான்களும் செலவும்

கட்டாயம் வேண்டியவை: 8 மிமீ சாக்கெட் (பெரும்பாலான கவர் போல்ட் இதில் அடங்கும்), முன் நட்டுக்குச் சரியான சாக்கெட், புல்லியைப் பிடிக்கும் ஹோல்டர், டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் நட்டை இறுக்க உதவும் ஸ்பேனர்), வெர்னியர் (மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் கருவி), நகை எடை போடும் குட்டி டிஜிட்டல் தராசு. 0.01 கிராம் வரை காட்டும் தராசே சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறது. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி மாட்டும் சின்ன ஆர்பிஎம் மீட்டரும் அதே அளவு விலைதான். மீட்டரில் ஆர்பிஎம் காட்டாத வண்டிக்கு இது இல்லாமல் ரோலர் மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

டார்க் ரெஞ்ச்தான் விலை கூடியது. ஒரே ஒரு வேலைக்காக வாங்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள். அவரிடமே இல்லை என்றால் உங்கள் வண்டியின் நட்டை அவர் இதுவரை எப்படி முறுக்கினார் என்று யோசிக்க வேண்டியதுதான்.

110, 125 சிசி வண்டிக்குக் கம்பெனி ரோலர் ஒரு செட் பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். பெல்ட் அதைவிடக் கூடுதல். ஒருபக்கம் தட்டையாக வரும் டாக்டர் புல்லி போன்ற வெளிநாட்டு ஸ்லைடர்கள் பல மடங்கு விலை, முதல்முறை அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இங்கே ஸ்பேர்ஸ் கடைகளில் கம்பெனி எடை கிடைக்கும், அரை கிராம் வித்தியாசத்தில் செட் கேட்டால் தலையாட்டுவார்கள். அதற்கு ஆன்லைன், அல்லது சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து பார்சல். ஆர்டர் போட்டுவிட்டு வண்டியைத் திறக்காதீர்கள், கைக்கு வந்த பிறகு திறங்கள்.

நேரம்: முதல்முறை அரை நாள் ஒதுக்குங்கள். பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலை.

4. திறந்து பாருங்கள், முதலில் குற்றவாளி யார் என்று தெரியட்டும்

வண்டி ஆறிய பிறகு கவரைக் கழற்றுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் உண்டு. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள். அது பெல்ட் தேய்ந்ததும் கிளட்ச் ஷூ தேய்ந்ததும் சேர்ந்த தூள். மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள்.

முன் நட்டையும் வெளித்தட்டையும் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மூடும்போது ஒப்பிட வேண்டும். நட்டைக் கழற்றும்போது வெளித்தட்டின் ஃபேன் இறகுகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி அணை கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இறகு உடையும். உடைந்தால் அந்தத் தட்டையே மாற்ற வேண்டும். அதற்குத்தான் ஹோல்டர்.

நட்டும் வெளித்தட்டும் வந்த பிறகு வேரியேட்டரை வெளியே எடுக்கும் விதம் முக்கியம். முன் தட்டையும் பின்னால் இருக்கும் சரிவுத் தகட்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி நேராக இழுங்கள். சாய்த்தால் ரோலர்கள் உள்ளேயே உருண்டு விழுந்து, எது எந்தக் குழியில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது தெரியாமல் போய்விடும். மேசையில் வைத்துத் திறந்ததும் கையை வைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். ரோலரின் ஒரு முனையில் நைலான் மூடியிருக்கும், மறுமுனையில் உலோகம் தெரியும். எந்த முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது போட்டோவில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்போது ஒவ்வொரு ரோலரையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மெல்ல உருட்டுங்கள். நல்ல ரோலர் சத்தமில்லாமல் ஓடும். தேய்ந்தது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் 'டக்' என்று உட்காரும். அந்தத் தட்டை விழுந்த இடத்தை நகத்தாலேயே உணரலாம். பிக்கப் இல்லை, ஒரு வேகத்தில் ஜெர்க் அடிக்கிறது, டாப் ஸ்பீடு வரவில்லை என்ற புகார்களில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். எடை மாற்றும் பேச்சே தேவைப்படாது.

அப்புறம் பெல்ட். வெர்னியரில் அகலத்தை அளந்து சர்வீஸ் புத்தகத்தில் உள்ள தேய்மான வரம்போடு ஒப்பிடுங்கள். அகலம் குறைந்த பெல்ட் புல்லியில் உள்ளே இறங்கி உட்காரும், அதனால் டாப் குறையும். சரிவுத் தகட்டின் ஓரத்தில் இருக்கும் மூன்று நைலான் துண்டுகள் லொடலொடவென்று ஆடினால் அவற்றையும் மாற்றுங்கள், விலை சொற்பம்.

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் என்று கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் புல்லித் தட்டின் வழுவழுப்பான முகத்தைப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு படிந்திருந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்து, கிளீனரால் துடைத்தால் போதும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அங்கே அடிக்காதீர்கள், பெல்ட் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீரில் வண்டி மூழ்கியிருந்தால் கவருக்குள் நீரும் சேறும் இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் வண்டி அதிர்கிறது என்றால் அது பின்னால் உள்ள கிளட்ச் ஷூவின் வேலை. ரோலருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

5. பழைய எடையிலேயே புது செட்

இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். தேய்ந்த ரோலரை எடுத்துவிட்டு நேராக லேசான ரோலர் போட்டால் பிக்கப் வரும். ஆனால் அது எடை குறைந்ததால் வந்ததா, புதுசு என்பதால் வந்ததா என்று சொல்ல முடியாது. முதலில் கம்பெனி எடையில் புது செட், தேவையானால் புது பெல்ட். ஒரு வாரம் ஓட்டுங்கள். திருப்தி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊர் தட்டையான ஊர். தனியாக லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை போய்வருகிற வண்டிக்கு இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. தினமும் டபுள்ஸில் கேப்பர் மலை ஏறுபவர், பால்கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றுபவர், இவர்களுக்குத்தான் அடுத்த படிகள்.

6. இப்போது எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது?

நின்ற இடத்திலிருந்து முழுதாக முறுக்கிக் கிளம்பினால் ஆர்பிஎம் மளமளவென்று ஏறி, ஒரு இடத்தில் நின்றுவிடும். வண்டியின் வேகம் கூடிக்கொண்டே போகும், ஆர்பிஎம் மட்டும் கிட்டத்தட்ட அசையாது. பெல்ட் ஏறிக்கொண்டிருக்கும் கட்டம் அது. அந்த எண்தான் உங்களுக்கு வேண்டும். இதற்கு அசுர வேகம் தேவையில்லை, 20 முதல் 50 கிமீ வேகத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். ஞாயிறு விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத நேரான துண்டு ஒன்று போதும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

இனி உங்கள் வண்டியின் உச்ச சக்தி எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று புத்தகத்தில் பாருங்கள். உதாரணமாக என்டார்க் 125-இன் பிஎஸ்6 மாடலில் உச்ச சக்தி 7000 ஆர்பிஎம்மில், உச்ச டார்க் (முறுக்குவிசை) 5500-இல். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் நீங்கள் எடுக்கும் முடிவு. மேல் எண்ணுக்கு நெருங்கினால் இழுவை, கீழ் எண்ணுக்கு நெருங்கினால் மைலேஜ். மேல் எண்ணைத் தாண்டினால் வெறும் சத்தம்தான்.

7. கிராம் கணக்கு

ரோலரின் தள்ளுவிசை எடைக்கு நேராகவும், ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு நேராகவும் கூடும். அதனால் புது எடை வேண்டுமென்றால் இப்படிக் கணக்கிடலாம்: விரும்பும் ஆர்பிஎம்மை இப்போதைய ஆர்பிஎம்மால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, இப்போதைய எடையை அதனால் வகுங்கள்.

ஒரு ரோலர் 12 கிராம், இப்போது 6400-இல் நிற்கிறது, 6750 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6750-ஐ 6400-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.055. அதன் வர்க்கம் 1.11. 12-ஐ 1.11-ஆல் வகுத்தால் 10.8. ஆக 11 கிராம் வாங்கினால் கிட்டத்தட்ட அங்கே போய்விடும். பின் ஸ்பிரிங்கும் உராய்வும் இருப்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் திசையும் அளவும் தப்பாது. "5 கிராம் குறைச்சுப் போடுங்க, பறக்கும்" என்ற ஆலோசனையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 12-இலிருந்து 7 கிராமுக்கு இறங்கினால் ஆர்பிஎம் முப்பது சதவீதம் ஏறும். 6400 என்பது 8300-ஐத் தாண்டும். எஞ்சின் கதறும், வண்டி நகராது.

ஒரு தடவைக்கு ரோலருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம், அதற்குமேல் வேண்டாம். நடு எடை கிடைக்கவில்லை என்றால் மூன்று 12, மூன்று 11 என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடுங்கள், 11.5 போல நடந்துகொள்ளும். ஒரே எடை ரோலர்கள் அடுத்தடுத்து வரக் கூடாது, புல்லி சமநிலை இழக்கும்.

வாங்கும் முன் பழையதை வெர்னியரில் அளந்து செல்லுங்கள். 15×12, 16×13, 18×14, 20×15 என்று விட்டமும் அகலமும் வண்டிக்கு வண்டி மாறும், பெட்டியில் எழுதியிருக்கும். வாங்கியதும் ஆறையும் தனித்தனியே எடை போடுங்கள். மலிவு செட்டில் பெட்டியில் ஒரு எடை, உள்ளே ஒரு எடை என்று இருக்கும். ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு கிராமுக்குமேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தேய்ந்த ரோலரை எடைபோட்டு அதையே கம்பெனி எடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், புது கம்பெனி செட்டின் எடைதான் கணக்குக்கு அடிப்படை.

8. மூடும்போது

போட்டோவில் இருந்தபடியே ரோலர்களை அடுக்குங்கள். கிரீஸ் விஷயத்தில் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் வழி. சில மாடல்களில் வேரியேட்டருக்குள் அளந்து கிரீஸ் வைப்பார்கள், பலவற்றில் ஒரு சொட்டும் கூடாது. "கொஞ்சம் கிரீஸ் போட்டா ஸ்மூத்தா இருக்கும்" என்று யாராவது டப்பாவை எடுத்தால் தடுத்துவிடுங்கள். வெளியே கசிந்து பெல்ட்டில் பட்டால் பெல்ட் போச்சு.

சரிவுத் தகட்டை அழுத்திப் பிடித்தபடியே வேரியேட்டரை எஞ்சின் தண்டில் ஏற்றுங்கள். பிடி தளர்ந்தால் ஒரு ரோலர் குழியை விட்டு நழுவி நடுவில் மாட்டிக்கொள்ளும், நட்டை முறுக்கும்போது நசுங்கும்.

பெரிய ஆபத்து இதற்கு அடுத்துத்தான். பெல்ட்டை மாட்டி, வெளித்தட்டை வைத்து, நட்டை முறுக்கும்போது பெல்ட் முன்பக்கம் விறைப்பாக இருந்தால், அது வெளித்தட்டுக்கும் நடுக்குழாய்க்கும் (வேரியேட்டருக்கு நடுவே தண்டின் மேல் உட்காரும் குழாய்) இடையே கடிபடும். நட்டு இறுகியது போலக் கைக்குத் தெரியும். உண்மையில் தட்டு பெல்ட்டின் மேல் இறுகியிருக்கிறது, குழாயின் மேல் உட்காரவில்லை. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் பெல்ட் நகரும், நட்டு லூஸாகும், தண்டின் பற்கள் மழுங்கும். தண்டு போனால் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும், சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

தவிர்க்கும் வழி எளிது. பின் புல்லியின் இரண்டு தட்டையும் கையால் விரித்து, பெல்ட்டை அதன் பள்ளத்துக்குள் நன்றாக அமுக்கி இறக்குங்கள். முன்னால் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். அந்த நிலையில் வெளித்தட்டை வைத்தால் அது தண்டின் பற்களில் முழுதாக உட்காரும். தட்டுக்கு வெளியே பற்களின் முனை எவ்வளவு தெரிகிறது என்பதைக் கழற்றுவதற்கு முன் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். நட்டைக் கையாலேயே கடைசிவரை சுற்றி, அப்புறம் டார்க் ரெஞ்சில் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு மட்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது வண்டி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

கவரை மூடுவதற்கு முன், வெளித்தட்டின் சரிவான முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காரணம் அடுத்த படியில்.

9. ஓட்டிப் பார்ப்பது

அதே சாலை, அதே ஆள், அதே டயர் காற்று. ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று மறுபடி குறியுங்கள். கணக்கு சொன்னதற்குப் பக்கத்தில் இருந்தால் சரி. பிறகு கேப்பர் மலை ஏற்றத்திலோ அரும்பார்த்தபுரம் மேம்பாலத்திலோ டபுள்ஸில் ஏறிப் பாருங்கள்.

விதிக்குட்பட்ட வேகத்தில் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, கவரைத் திறந்து மார்க்கர் கோட்டைப் பாருங்கள். பெல்ட் ஏறிய இடம்வரை கோடு அழிந்திருக்கும். கம்பெனி ரோலரில் இதேபோல ஒரு கோடு போட்டு ஒப்பிட்டு வைத்திருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புது ரோலரில் விளிம்பு ஓரத்தில் அழியாத பகுதி கூடியிருந்தால் ரோலர் அளவுக்குமீறி லேசு, அரை கிராம் ஏற்றுங்கள்.

மைலேஜுக்கு டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். கடலூர்க்காரர்கள் எப்படியும் முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி விலைக்குத்தானே நிரப்புகிறீர்கள், அந்த ஒரே பங்க்கை வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், இப்போதைக்கு

ரோலரோடு சேர்த்துக் கடினமான பின் ஸ்பிரிங்கும் விற்பார்கள். அதுவும் ஆர்பிஎம்மை ஏற்றும், கூடவே பெல்ட் சூட்டையும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று பிரிக்க முடியாது. கிளட்ச்சின் சின்ன ஸ்பிரிங்குகள் வேறு கதை. வண்டி எந்த ஆர்பிஎம்மில் நகரத் தொடங்கும் என்பதை மட்டும் அவை தீர்மானிக்கும், சென்னை டிராஃபிக்கில் நின்று நின்று போகிறவருக்கு அவற்றைக் கடினமாக்குவது தொல்லை.

11. பிறகு

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கவரைத் திறந்து நட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். ரோலர்களில் தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றிய கம்பெனி ரோலர் நல்ல நிலையில் இருந்தால் ஒரு ஜிப் கவரில் போட்டு, எடை, கழற்றிய தேதி, கிலோமீட்டர் மூன்றையும் எழுதி பில்லோடு வையுங்கள். சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டிலேயே "ரோலர் எடை மாற்றியது, கேட்காமல் மாற்ற வேண்டாம்" என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நல்லெண்ணத்தில் பழைய எடையையே திரும்பப் போட்டு, அதற்கு பில்லும் சேர்த்துக் கொடுப்பார்கள்.